பட்டினி போட்டால் கட்டி வாடுமா? கொழுப்பு ஹார்மோன்களும் கல்லீரல் புற்றுநோயும்

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி தம் கணவரைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. கணவருக்கு வயது 61, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 98 கிலோ. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துவருகிறார். மதுவைத் தொட்டதில்லை. ஹெபடைடிஸ் பி, சி ஆகிய இரண்டு வைரஸ்களும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்தார்கள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கல்லீரலின் வலப்பக்கத்தில் 3.2 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. சி.டி. ஸ்கேனும் அதன்பின் எம்.ஆர்.ஐ.யும் அதைக் கல்லீரல் செல் புற்றுநோய் என்று உறுதிசெய்தன. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கமும் தொடங்கியிருக்கிறது. ஆனால் கல்லீரலின் செயல்திறன் நன்றாகவே இருக்கிறது, உணவுக்குழாயில் வீங்கிய ரத்த நாளங்கள் இல்லை. பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசி, கட்டியை அறுத்து அகற்றலாம் என்று முடிவுசெய்து தேதியும் கொடுத்தார்கள்.

அதன்பின் வாசகி இணையத்தில் படிக்கத் தொடங்கியிருக்கிறார். உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கல்லீரல் புற்றுநோயை வளர்க்கிறது என்று பல இடங்களில் கண்டிருக்கிறார். "கட்டிக்குப் போகிற தீனியை நிறுத்தினால் கட்டி தானாக வாடாதா?" என்று கேட்கிறார். கேட்டதோடு நிற்கவில்லை. ஐந்து வாரங்களாகக் கணவருக்கு ஒரு வேளை உணவு மட்டுமே கொடுக்கிறார். எடை 7 கிலோ குறைந்திருக்கிறது. இன்னும் எட்டு கிலோ குறைத்துவிட்டு அறுவைச் சிகிச்சைக்குப் போகலாம் என்று மருத்துவமனைக்குத் தாமே தொலைபேசியில் சொல்லி, தேதியை மூன்று மாதம் தள்ளிவைத்திருக்கிறார். இது கணவருக்குத் தெரியாது. லெப்டின் அளவைப் பரிசோதிக்கலாமா, இன்சுலினும் கட்டியை வளர்க்குமாமே, 'லெப்டினைச் சீராக்கும்' மாத்திரை ஒன்றை இணையத்தில் வாங்கினேன் அது போதுமா, கொழுப்புக் கல்லீரலில் வந்த புற்றுநோய்க்கு, உடலின் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி வேலை செய்யாதாமே என்று கேள்விகள் நீள்கின்றன. கடைசிப் பத்தியில், 29 வயது மகனும் 94 கிலோ இருக்கிறான் என்கிறார். அதற்கு முந்தைய வரியில், "இத்தனை ஆண்டுகளும் சமைத்துப் போட்டவள் நான்தானே" என்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகளைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்திலேயே என்னைக் கவலைப்படுத்தியவை அவைதாம்.

இன்றே கவனிக்க வேண்டிய இரண்டு

"சில நாள் விடியற்காலையில் பனியன் நனைய வியர்த்து, கை நடுங்கி எழுந்து உட்காருகிறார், எடை குறைகிற பலவீனம் என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறி. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நலமான கல்லீரல் இரவு முழுவதும் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துக் கொடுத்துச் சமாளித்துவிடும்; சுருங்கத் தொடங்கிய கல்லீரலில் அந்த இருப்பு குறைவு. மாத்திரை அதே அளவில் தொடர, உணவை மட்டும் ஒரு வேளையாகக் குறைத்தால் விடியற்காலையில் சர்க்கரை இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. தூக்கத்திலேயே நினைவு தப்பும் ஆபத்து இதில் உண்டு. எனவே ஒரு வேளை உணவு முறையை இன்றே நிறுத்துங்கள். சர்க்கரை மருத்துவரை இன்றே தொடர்புகொண்டு நடந்ததை அப்படியே சொல்லி, மாத்திரை அளவை அவர் மாற்றித் தரட்டும். மறுபடி வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது அளக்கக் கருவி இல்லை என்றால், காத்திருக்காமல் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, அடுத்து ஏதாவது உண்ணக் கொடுங்கள். அவர் மயங்கி இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவியை அழையுங்கள்.

இரண்டாவது வரி: "நாற்காலியிலிருந்து எழும்போது இப்போதெல்லாம் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுகிறார்." ஐந்து வாரத்தில் போன 7 கிலோவில் கொழுப்பு மட்டும் போகவில்லை, தொடைத் தசையும் போயிருக்கிறது என்பதை இந்த ஒரு வரியே சொல்கிறது. கல்லீரல் நோயாளிகளின் உடல் தளர்ச்சியை அளக்க நாங்கள் செய்யும் எளிய சோதனைகளில் ஒன்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வது. மற்றவை கைப்பிடி வலிமையும் நிலைதடுமாறாமல் நிற்பதும். தசை கரைந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் கிருமித்தொற்று, ஆறாத புண், நீண்ட படுக்கை ஆகியவை அதிகம். புற்றுநோய் மருந்துகளின் பக்கவிளைவுகளும் அவர்களையே கடுமையாகத் தாக்குகின்றன. நீங்கள் ஹார்மோனைக் குறைப்பதாக நினைத்துக் குறைத்தது, சிகிச்சையைத் தாங்க அவருக்கு இருந்த வலுவை.

நீங்கள் படித்ததில் எவ்வளவு உண்மை?

நிறையவே உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தத் தவறு எளிதாக நேர்கிறது. கொழுப்பு என்பது வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். 1994-இல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கொழுப்புத் திசுவே ஒரு நாளமில்லாச் சுரப்பி என்பது தெளிவானது. கொழுப்பு கூடக் கூட லெப்டின் கூடுகிறது. அடுத்த ஆண்டே அடையாளம் காணப்பட்ட அடிப்போனெக்டின் இதற்கு நேர்மாறு. உடல் பருக்கப் பருக்க அது குறைகிறது. கல்லீரலைப் பொறுத்தவரை இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. லெப்டின், செல்லின் மேற்பரப்பில் உள்ள தன் ஏற்பியில் அமர்ந்ததும், செல் பெருக்கத்தையும் செல் சாகாமல் தப்புவதையும் தூண்டும் சமிக்ஞைகள் உள்ளே விழித்தெழுகின்றன. கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் புதிய நாளங்களுக்கும் அது துணைபோகிறது. கல்லீரலில் தழும்பை உண்டாக்கும் செல்களையும் லெப்டின் தூண்டுவதால், புற்றுநோய்க்கு முன்கட்டமான சுருக்கமும் விரைவாகிறது. அடிப்போனெக்டின், செல்லின் ஆற்றல் பஞ்சத்தை உணரும் ஒரு நொதியை இயக்கி, அதே பெருக்கத்துக்குத் தடைபோடுகிறது. மனிதக் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களிலும், அவற்றைப் பதித்து வளர்த்த எலிகளிலும், லெப்டின் தூண்டிய வளர்ச்சியை அடிப்போனெக்டின் மட்டுப்படுத்தியது 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது.

ஆனால் இந்த இரண்டோடு கதை முடிவதில்லை. உடல் பருமனில் இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்ப்பதில்லை; அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. கணையத்திலிருந்து புறப்படும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் வருகிறது. எனவே உடலின் மற்ற பகுதிகளைவிடச் செறிவான இன்சுலினில் நாள் முழுவதும் நனைவது கல்லீரலே. வயிற்றறைக் கொழுப்பிலிருந்து வடியும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் புரதங்களும் அதே சிரை வழியில் வந்து சேர்கின்றன. 2010-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், பருத்த எலிகளின் கல்லீரலில் புற்றுநோய் வளர்வதற்கு இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆகிய இரண்டு அழற்சிப் புரதங்கள் இன்றியமையாதவை என்று காட்டினார்கள். ஆக, உங்கள் கணவரின் கல்லீரல் பல ஆண்டுகளாக ஒரே நேரத்தில் நாலைந்து பக்கங்களிலிருந்தும் தூண்டப்பட்டிருக்கிறது. லெப்டின் அவற்றில் ஒன்று. மிகப் பெரியது அதுதான் என்று சொல்வதற்குக்கூட ஆதாரம் போதாது.

மனிதர்களிடம் இதன் விளைவு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 9 லட்சம் பேரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003-இல் வெளியான ஆய்வில், உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) 35-ஐத் தொட்ட அல்லது தாண்டிய ஆண்கள் கல்லீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, இயல்பான எடை உள்ள ஆண்களைவிட நாலரை மடங்கு இருந்தது. உங்கள் கணவரின் குறியெண் 34.7. "குடிக்காதவருக்கு எப்படி வந்தது" என்று உறவினர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குச் சொல்ல இந்த விளக்கம் போதும்.

இனி, உங்கள் சிந்தனை எங்கே வழிமாறியது என்று பார்ப்போம். ஒரு நோய் உருவாவதற்குத் துணைநின்ற காரணமும், உருவான பின் அதை ஒழிக்கும் வழியும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. மண்ணின் உரம் மரத்தை வளர்த்திருக்கலாம். வேரோடிய பிறகு உரத்தை அள்ளி எடுத்தால் மரம் பட்டுப்போவதில்லை. 3.2 சென்டிமீட்டர் வரை வளர்ந்த கட்டியின் மரபணுக்களில் ஏற்கெனவே பல பிழைகள் நிலைபெற்றிருக்கும். வெளியிலிருந்து வரும் ஹார்மோனைப் பெரிதாக எதிர்பார்க்காமலே பெருகும் திறனை அது பெற்றிருக்கும். எடை குறைத்ததால் கல்லீரல் புற்றுநோய்க் கட்டி கரைந்தது என்பதற்கு நம்பத்தக்க மருத்துவச் சான்று இல்லை.

ரத்தத்தில் லெப்டினை அளந்தால்?

பரிசோதனைக் கூடங்கள் அளந்து தருகின்றன, எண்ணும் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து உங்கள் கணவரின் சிகிச்சையில் ஒரு மாத்திரையைக்கூட மாற்ற முடியாது. பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பு குறையும் முன்பே, இரண்டு மூன்று நாட்களிலேயே லெப்டின் செங்குத்தாக வீழ்ந்துவிடும். அதைப் பார்த்துக் கட்டி பட்டினி கிடக்கிறது என்று மகிழ்வீர்கள். உண்மையில் பட்டினி கிடப்பது அவருடைய தசை. அடிப்போனெக்டினின் கதை இன்னும் குழப்பமானது. பருமனில் குறைகிற அந்த ஹார்மோன், சிரோசிஸ் முற்றும்போது ரத்தத்தில் கூடுகிறது. 'நல்ல' ஹார்மோன் உயர்ந்திருக்கிறது என்று தாள் சொல்லும்போது கல்லீரல் மோசமாகிக்கொண்டிருக்கலாம்.

லெப்டினைப் 'பகை' என்று மட்டும் பார்ப்பதும் சரியல்ல. பிறவியிலேயே லெப்டின் இல்லாத குழந்தைகளுக்கு மிதமிஞ்சிய பருமனோடு அடிக்கடி கிருமித்தொற்றும் வருகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் சரிவர இயங்க லெப்டின் தேவை. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் அதை அடிமட்டத்துக்கு இறக்குவதில் எனக்கு எந்த நன்மையும் தெரியவில்லை.

மூன்று மாதம் தள்ளிவைத்தால் என்ன ஆகும்?

கல்லீரல் புற்றுநோய்க் கட்டியின் கன அளவு இருமடங்காகப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. இது சராசரி, சில கட்டிகள் மிக விரைவாகவும் சில மிக மெதுவாகவும் வளர்கின்றன. கன அளவு இருமடங்கானால் விட்டம் 3.2-லிருந்து 4 சென்டிமீட்டராகும். பார்க்கச் சிறிய வேறுபாடுதான். ஆனால் கட்டி பெரிதாகும்தோறும், ஸ்கேனில் தெரியாத நுண்ணிய ரத்த நாளங்களுக்குள் அது ஊடுருவியிருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அறுவைக்குப் பின் நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம் அந்த ஊடுருவல்தான். இன்னொன்றும் உண்டு. 1996 முதல் உலகெங்கும் வழக்கில் உள்ள மிலான் அளவுகோல்படி, ஒற்றைக் கட்டி 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், கல்லீரல் மாற்றுச் சிகிச்சை ஒரு வாய்ப்பாக நீடிக்கிறது. இன்று அவர் அந்த வரம்புக்குள் இருக்கிறார். உங்கள் ஐந்து வாரத்தோடு மூன்று மாதம் சேர்ந்தால் அப்போதும் இருப்பார் என்று யாராலும் உறுதிகூற முடியாது.

எனவே என் கருத்து இதுதான்: எடைக் குறைப்பு வேண்டாம் என்பதல்ல, வரிசை மாறிவிட்டது என்பதே. முதலில் கட்டி, அதன்பின் எடை. மருத்துவமனையை நாளையே தொடர்புகொண்டு, பழைய தேதி போயிருந்தால் கிடைக்கும் முதல் தேதியைக் கேளுங்கள். இத்தனை வாரம் கழிந்துவிட்டதால் அறுவைக்கு முன் மறுபடி ஒரு ஸ்கேன் கேட்பார்கள். சலிக்காதீர்கள், அது தேவை. 7 கிலோ குறைந்ததையும், உணவை எப்படிக் குறைத்தீர்கள் என்பதையும், விடியற்காலை வியர்வையையும் அறுவை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தளர்ச்சி கூடுதலாக இருக்கிறது என்று அவர் கருதினால், அறுவைக்குப் பதிலாக ஊசி செலுத்திக் கட்டியைச் சுட்டு அழிக்கும் முறை உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிகளில் அதன் பலன் சிறப்பானது, 3.2 எல்லைக்கோட்டில் நிற்கிறது, கட்டி இருக்கும் இடமும் கணக்கில் வரும்.

காத்திருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு, இயல்பாக இருக்க வேண்டிய எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை. உங்கள் கணவரின் உயரத்துக்கு அது ஏறத்தாழ 80 முதல் 100 கிராம். புரதம் கல்லீரலுக்குச் சுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பழைய தலைமுறையின் அறிவுரை, நாங்கள் கைவிட்டு நாளாயிற்று. பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது உண்ண வேண்டும். இரவு படுக்கும் முன் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த ஒரு சிற்றுணவு கட்டாயம். இல்லையென்றால் அந்தக் கல்லீரல் விடியுமுன் தசையை உடைத்துச் சர்க்கரை செய்யத் தொடங்கிவிடும். நாள்தோறும் நடப்பதோடு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை முதலில் கையூன்றியும் பிறகு ஊன்றாமலும் செய்யட்டும். அறுவைக்கு முன் எடை ஒரு கிலோ ஏறினாலும் பரவாயில்லை; ஆனால் திடீரென ஏறி, வயிறும் கணுக்காலும் வீங்கினால் அது உடலில் நீர் கோத்திருப்பதன் அறிகுறி, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்சுலினும் மற்ற மருந்துகளும்

அறுவையின்போது மாத்திரைகளை நிறுத்திவிட்டு இன்சுலின் போடுவோம் என்று சொன்னதைக் கேட்டு அஞ்சுகிறீர்கள். ஆண்டுக்கணக்கில் உடலுக்குள்ளேயே மிகையாகச் சுரக்கும் இன்சுலின் வேறு. அறுவை நாட்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க மருத்துவர் அளந்து கொடுக்கும் இன்சுலின் வேறு. கட்டுப்படாத சர்க்கரையோடு அறுவைக்குப் போனால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். மறுக்காதீர்கள். இன்சுலினின் உறவினரான ஐ.ஜி.எஃப். ஹார்மோனின் ஏற்பியை அடைக்கும் சிக்சுடுமுமாப் என்ற மருந்தைக் கல்லீரல் புற்றுநோயில் பரிசோதித்தும் பார்த்தார்கள். கட்டி அடங்கவில்லை, பலருக்குச் சர்க்கரைதான் எகிறியது. ஆய்வகத்தில் அழகாகத் தெரியும் ஒரு ஹார்மோன் பாதையை மனித உடலில் அடைப்பதற்கும் நோயாளி பிழைப்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதற்கு அந்த முயற்சியை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது உண்டு. லெப்டினை அடைத்துக் கல்லீரல் புற்றுநோயைக் குணப்படுத்த அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை எதுவும் இல்லை.

மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக வருவதாகப் பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வந்த புற்றுநோய்க்கு அது மருந்தல்ல. சர்க்கரைக்காகத் தொடரலாம், அறுவையை ஒட்டியும், சிறுநீரகம் தளர்ந்தால் சி.டி. ஸ்கேனுக்கான சாய ஊசியை ஒட்டியும் நிறுத்திவைப்பார்கள். செமாகுளுடைடு போன்ற எடைக் குறைப்பு ஊசிகளை இப்போது தொடங்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு அனுமதித்தது உண்மை. ஆனால் அது நடுத்தரம் முதல் முற்றிய தழும்பு வரை உள்ளவர்களுக்கே, சிரோசிஸ் நிலைக்கு அல்ல. மேலும் அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்க மருந்து கொடுக்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் ஏறும் அபாயம் உண்டு. அறுவை முடிந்து உடல் தேறிய பின் அது பொருந்துமா என்று மருத்துவரோடு பேசலாம்.

இணையத்தில் வாங்கிய மாத்திரையை உடனே நிறுத்துங்கள். லெப்டின் ஒரு புரதம். வாய்வழி போனால் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப்போகும். அது ஒன்றும் செய்யாமல் இருந்தாலாவது பரவாயில்லை. நீங்கள் எழுதியனுப்பிய சேர்மானப் பட்டியலில் செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு இருக்கிறது, அது சிலருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பை உண்டாக்குவது நன்கு அறியப்பட்டது. புட்டியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இம்யூனோதெரபி பற்றி

நீங்கள் படித்திருப்பது 2021-இல் வெளிவந்து பெரிதாகப் பேசப்பட்ட ஆய்வு. கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ள எலிகளில், நோய் எதிர்ப்புச் செல்களின் தடையை நீக்கும் மருந்து புற்றுநோயைக் குறைக்காமல் கூட்டியது; அந்த அழற்சிச் சூழலில் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் திசைமாறிக் கல்லீரலையே தாக்கின. அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் கூட்டு மருந்தை 2020-இல் நிலைநாட்டிய பெரிய மருத்துவ ஆய்விலும், வைரஸ் காரணமல்லாத நோயாளிகளிடம் பழைய மருந்தான சொராஃபெனிப்பைவிடத் தெளிவான மேம்பாடு தெரியவில்லை. ஆனால் 'வைரஸ் அல்லாதவர்' என்ற அந்த வகைக்குள் குடியால் வந்தவர்களும் கொழுப்பால் வந்தவர்களும் கலந்திருந்தார்கள், பிரிவு சிறியது. 2022-இல் வெளியான, டுர்வாலுமாப், ட்ரெமெலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளின் ஆய்வில் வைரஸ் அல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆகவே காரணத்தை மட்டும் வைத்து இம்யூனோதெரபியை மறுப்பது இன்றைய நடைமுறை அல்ல.

இதில் ஹார்மோன் தொடர்பான வியப்பு ஒன்று உண்டு. பருமனான உடலில் லெப்டின் டி செல்களைச் சோர்வடைய வைக்கிறது. அதே சோர்வுதான், தடைநீக்கும் மருந்து கொடுத்தால் அந்தச் செல்கள் மீண்டெழ இடம் கொடுக்கிறது என்று 2019-இல் வேறு வகைப் புற்றுநோய்களில் கண்டார்கள். கல்லீரல் புற்றுநோயில் இது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. லெப்டினைக் குறைத்துவிட்டால் எல்லா மருந்தும் நன்றாக வேலை செய்யும் என்ற கணக்கு அவ்வளவு நேரானதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கணவருக்கு இப்போது இந்தக் கேள்வியே எழவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அறுவைக்குப் பின் நோய் திரும்பாமல் தடுக்க இம்யூனோதெரபி கொடுத்துப் பார்த்ததில், தொடக்கத்தில் தெரிந்த பலன் நீண்டகாலக் கண்காணிப்பில் நிலைக்கவில்லை. அதனால் வழக்கமாகக் கொடுப்பதில்லை. அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்குள் பாதிப் பேருக்கு மேல் நோய் திரும்புகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தவறவிடக் கூடாது. திரும்பினாலும் சிறியதாக இருக்கும்போதே கண்டால் மறுபடி குணப்படுத்த முயலலாம். என்றாவது இம்யூனோதெரபி தேவைப்பட்டால், தொடங்குமுன் தைராய்டு, கார்டிசால், சர்க்கரை அளவுகளைப் பார்ப்பார்கள், ஏனெனில் அந்த மருந்துகள் சுரப்பிகளையும் தாக்கலாம். பெவாசிசுமாப் சேர்வதானால் எண்டோஸ்கோப்பியும் செய்வார்கள்.

எடைக்கு உரிய காலம் அறுவைப் புண் ஆறி, உணவும் நடையும் இயல்புக்கு வந்த பிறகு தொடங்குகிறது. வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறையாமல், புரதத்தைக் குறைக்காமல், தசைப் பயிற்சியோடு, உணவியல் வல்லுநரின் கண்காணிப்பில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பது நல்ல இலக்கு. மிச்சக் கல்லீரலின் அழற்சி அடங்கவும், இன்சுலின் மிகை தணியவும், அடிப்போனெக்டின் உயரவும் அது உதவும். நோய் திரும்புவதை அது தடுக்கும் என்று வாக்குக் கொடுக்க இயலாது. அப்படியும் நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் இந்த நோயாளிகளின் உயிருக்குக் கட்டி மட்டுமல்ல, சிரோசிஸும் மாரடைப்பும் ஆபத்தானவை.

முடிவெடுக்க வேண்டியவர்

தேதியைத் தள்ளிவைத்தது அன்பினால்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் தெளிந்த அறிவோடு இருக்கும் 61 வயது மனிதர். தம் உடலில் கத்தி படுவதா, எப்போது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது. இன்று மாலையே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் படங்கள், அறிக்கைகள், குழுவின் முடிவு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அவற்றை வைத்து வேறொரு கல்லீரல் மருத்துவரிடம் இரண்டாம் கருத்துப் பெறலாம், எந்த நல்ல மருத்துவரும் அதற்குக் கோபப்பட மாட்டார். அதை ஒரு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

சமைத்துப் போட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கொழுப்புக் கல்லீரல் பலருக்கு வருகிறது. அவர்களில் சிலருக்கே சிரோசிஸ், அதிலும் சிலருக்கே புற்றுநோய். யாருக்கு என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது: 2008-இல் கண்டறியப்பட்ட பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களின் கல்லீரல், அதே உணவை உண்ணும் மற்றவர்களைவிட அதிகக் கொழுப்பைத் தேக்குகிறது, விரைவில் தழும்பேறுகிறது. உங்கள் அடுப்பின் மீது பழி போட மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

அந்த மரபணு உங்கள் மகனிடமும் இருக்கலாம் என்பதால் அவரைப் பற்றி ஒரு சொல். நீங்கள் ஹார்மோன்களைப் பற்றிப் படித்தது முழுதும் பயன்படக்கூடிய இடம் அவர்தான். வருமுன் காப்பதில் எடைக் குறைப்புக்கு ஈடான மருந்து இல்லை. உடல் எடையில் 7 சதவீதம் குறைந்தால் கல்லீரல் அழற்சி அடங்கும் வாய்ப்பும், 10 சதவீதம் குறைந்தால் தழும்பே பின்வாங்கும் வாய்ப்பும் நன்றாக உண்டு. 94 கிலோ உள்ளவருக்கு அது 7 முதல் 9 கிலோ, அதையும் ஆறு மாதம் ஓராண்டு என்று நிதானமாகக் குறைத்தால் போதும். மது கூடாது. காப்பி குடிப்பவராக இருந்தால் நிறுத்தச் சொல்லாதீர்கள், கல்லீரல் புற்றுநோய் குறைவதோடு அது தொடர்புடையது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் இயல்பாக வந்தால் மட்டும் ஆறுதல் அடைய வேண்டாம். தழும்பை மதிப்பிட நாங்கள் பயன்படுத்தும் வழக்கமான ரத்தக் கணக்கீடு 35 வயதுக்குக் கீழே நம்பகமானதல்ல. ஆகவே கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்றும், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளும் செய்துகொள்ளட்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.